வாசலில் அளந்த காய்ச்சல்

அத்தியாயம் 9

குழாயைத் திறந்துவிட்டால் இருமல் வெளியே கேட்காது என்று நம்பும் ஆள் அந்த வீட்டில் ஒருவன்தான்.

மூத்தவள் குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றாள். உள்ளே வாளியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே இரண்டு முறை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. நெஞ்சிலிருந்து பிடுங்கி எடுப்பது மாதிரி.

நேற்றும் இதே இடத்தில் நின்று இதையேதான் கேட்டாள். நேற்று கேட்காத மாதிரி போய்விட்டாள்.

தம்பி வெளியே வந்தான். முகம் துடைக்கவில்லை.

"என்னடா இருமல்?"

"பேஸ்ட் தொண்டைக்குள்ள போயிடுச்சு."

"தினமும் போகுதா?"

"புது பேஸ்ட்டுக்கா. காரமா இருக்கு."

சுவரோடு ஒட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான். இருபத்தொன்பது வயதில் அவன் அக்காவை இடிக்காமல் ஒரு கதவைத் தாண்டியது இதுதான் முதல் தடவை.

புது வைரஸ் ஊருக்குள் வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. மூத்தவளின் தங்கைக்குப் பிரசவம் பார்க்க வெளியூர் போன அம்மா, சாலைகளை மூடியதால் அங்கேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் மூன்று பேர். பஸ் முன்பதிவு ஆபீசில் போன் எடுத்துக்கொண்டிருந்த மூத்தவள், அதே நாற்காலியில் அதே போனில் இப்போது காய்ச்சல்காரர்களுக்குத் தைரியம் சொல்கிறாள். தம்பி ஊருக்கு வெளியே இருக்கும் குளிர் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறான். நண்பர்கள் அவனை 'ஐஸ்' என்று கூப்பிடுவார்கள்.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். முப்பத்தொரு வருடம் டிப்போ வாசலில் உட்கார்ந்து, வரும் வண்டிக்கும் போகும் வண்டிக்கும் நேரம் எழுதினார். அத்தனை வருடமும் டீசல் புகையை விழுங்கினார். இப்போது வீட்டுப் படி பதினாறு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பார். இந்த நோய் இவருக்கு வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அக்காவும் தம்பியும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. மூன்று பத்தி. அப்பா, மூத்தவள், இளையவன். காலையில் ஒரு கட்டம், மாலையில் ஒரு கட்டம். வீட்டிலிருந்த கண்ணாடித் தெர்மாமீட்டரை நான்காம் நாள் அப்பா உதறும்போது அது குழாயில் பட்டு உடைந்துபோனது. கடைகளில் ஸ்டாக் இல்லை. அன்றிலிருந்து மூன்று பேருக்கும் வாசலில்தான் காய்ச்சல் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு மருந்துக்கடை வாசலில், மூத்தவளுக்கு ஆபீஸ் வாசலில், இளையவனுக்குக் கிடங்கு வாசலில். கிடங்கில் மட்டும் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"இளையவன், நேத்து சாயங்காலம்?" அப்பா பேனாவோடு நின்றார்.

தம்பி பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜையில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை.

"தொண்ணூத்தாறு புள்ளி ரெண்டு." அப்பா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். "பாரும்மா, நம்ம வீட்டுலயே கையெழுத்தும் முத்திரையுமா ஆரோக்கியமா இருக்கிறவன் இவன் ஒருத்தன்தான்."

"அப்பா, அவன் இருமுறான்."

"இருமலுக்குத் தாள்ல பத்தி இல்ல."

"போட்டுக்கலாமே."

அப்பா திரும்பி மகனைப் பார்த்தார். மகன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கிடங்கு வேன் ஹாரன் அடித்தது.

"ஆறு நாப்பது. ரெண்டு நிமிஷம் லேட்" என்றார் அப்பா. தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான். அவன் டம்ளரை மூத்தவள் தனியாக எடுத்து வைத்தாள். ஏன் என்று அப்பா கேட்கவில்லை.

*

ஆபீசில் பன்னிரண்டு மேஜைகள். பேசுகிறவர் பேரைச் சொல்லக் கூடாது என்பதால் மேஜை நம்பர்தான் பேர். மூத்தவள் ஆறாம் நம்பர்.

மேஜையில் மூன்று அட்டைகள் இருக்கும். முதல் கேள்வி, காய்ச்சல் எவ்வளவு. தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே என்றால் பச்சை அட்டை. மேலே என்றால் மஞ்சள். மூச்சு வாங்கினால் சிவப்பு, ஆம்புலன்ஸ். நாலு நிமிடத்துக்குள் ஆளை அனுப்பிவிட வேண்டும். திருப்பிக் கூப்பிடக் கூடாது.

பச்சை அட்டை அவளுக்கு மனப்பாடம். 'பதற்றப்பட ஒன்றுமில்லை. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஓய்வெடுங்கள்.' குரல் முன்பதிவுக் காலத்தில் பழகியது. வண்டியில் இடமில்லை என்று சொன்னாலும் எதிரில் இருப்பவர் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வைப்பார். அப்படி ஒரு குரல்.

பதினொன்றரைக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். மூச்சு விடாமல் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு அனலா கொதிக்குதுங்க. போர்வையை ரெண்டா மடிச்சுப் போர்த்தியும் நடுங்குறார்."

"காய்ச்சல் எவ்வளவு இருக்குங்க?"

"எங்ககிட்ட அளக்குறது இல்லைங்க. நேத்து வேலைலருந்து வரும்போது பார்த்திருக்காங்க. சீட்டு இருக்கு. தொண்ணூத்தஞ்சு புள்ளி எட்டு."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

மூத்தவளின் கை தானாகப் பச்சை அட்டைக்குப் போனது. "பதற்றப்பட ஒன்றுமில்லைங்க. சீட்டுப்படி அவருக்குக் காய்ச்சல் இல்லை. நீங்க பாதுகாப்பா இருக்கீங்க."

அந்தப் பக்கம் போர்வையை இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

"அப்ப என் கை பொய் சொல்லுதாங்க?"

அட்டையில் இதற்குப் பதில் இல்லை. "பயத்துல நம்ம கைக்கு அப்படித் தெரியலாம்" என்றாள் மூத்தவள். "தண்ணி நிறையக் குடுங்க. எங்க வேலை செய்யுறார்?"

"குளிர் கிடங்குல."

போனை வைத்த பிறகு அவள் அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. சீட்டு கொடுக்கும் கிடங்கு ஊரில் ஒன்றுதான்.

வலது பக்கம் ஏழாம் நம்பர் காலியாக இருந்தது. ஏழாம் நம்பர் நாற்பத்தைந்து வயது ஆள். மணிக்கு ஒரு தடவை தான் சாகப்போவதாக நம்புவார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தெர்மாமீட்டர் செருகியிருப்பார். ஊர் பூராவும் தேடினாலும் கிடைக்காத பொருள். அதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டே அழைப்பவர்களிடம் 'ம்' கொட்டுவார்.

அவர் தலைவலி என்று வெளியே போய், குளிர்ந்த சோடா பாட்டிலை நெற்றியில் உருட்டிக்கொண்டே திரும்பி வந்தார். வாசல் காவலாளி, தொடாமலே காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றிக்கு நேராக நீட்டினான்.

"தொண்ணூத்திமூணு. உள்ள போங்க சார்."

ஏழாம் நம்பர் நின்றுவிட்டார். "தொண்ணூத்திமூணா? தம்பி, நல்லாப் பாரு. தொண்ணூத்திமூணுன்னா ஆள் போயாச்சு."

"கருவி அதான் சொல்லுது."

"பொணத்தைக்கூட வேலைக்கு அனுப்புற ஆபீஸ் இது ஒண்ணுதான்." நாற்காலியில் விழுந்து தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தார். மூன்று நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். எடுத்துப் பார்த்து, ஆறாம் நம்பர் பக்கம் நீட்டினார். "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. இருக்கேன். பாட்டிலை நெத்தில வெச்சேன்ல, அதான் அந்தக் கருவி என்னை எமனுக்குப் பார்சல் பண்ணிடுச்சு."

அவர் சிரித்தார். மூத்தவள் சிரிக்கவில்லை.

நெற்றி குளிர்ந்திருந்தால் கருவி குளிரைத்தான் படிக்கும். தம்பி வேலை செய்யும் இடத்தில் மூக்கு மயிர் உறையும். எட்டு மணி நேரம் அங்கே நின்றவனை வாசலில் அளந்தால் தொண்ணூற்றாறுதான் வரும். தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு. முத்திரையோடு.

பதினெட்டு நாள் சீட்டு. அந்தச் சீட்டை நம்பித்தான் ஹாலில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், அவனுக்குப் பாய் விரித்திருக்கிறது.

அவள் எழுந்து சூப்பர்வைசர் மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றை வைத்தார். முழுக்கக் கேட்டார்.

"மேல சொல்றேன். இன்னிக்கே சொல்றேன். ஆனா அட்டையை நான் மாத்த முடியாது."

"காலைல பேசினவங்களைத் திருப்பிக் கூப்பிடணும் மேடம்."

"கூடாது. ஒருத்தரைக் கூப்பிட்டா எல்லாரையும் கூப்பிடணும். நாம டாக்டர் இல்லம்மா. தைரியம் சொல்றவங்க."

"தப்பாச் சொல்லிட்டேனே."

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "உனக்கு முகம் சரியில்ல. அரை நாள் எடுத்துக்கோ. வெளில போய் நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாது."

மூத்தவள் மேஜைக்குத் திரும்பினாள். திரையிலிருந்து கடைசி அழைப்பின் எண்ணைப் பச்சை அட்டையின் பின்புறம் எழுதினாள். அட்டையைப் பையில் போட்டாள். ஏழாம் நம்பரைப் பார்த்தாள்.

"சார், உங்க தெர்மாமீட்டர் வேணும்."

ஏழாம் நம்பர் கையைச் சட்டைப் பைமேல் வைத்துக்கொண்டார். "எதுக்கு?"

"தம்பிக்கு."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி, கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். "ரெண்டு நாள்தான். இது இல்லாம நான் உயிரோட இருக்கேனா இல்லையான்னு எனக்கே தெரியாது."

*

கிடங்குக்குப் போகும் சாலையில் ஆளில்லை. அவள் நடந்துகொண்டே தன் சொந்தப் போனில் அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"காலைல உங்ககிட்ட பேசினவ நான். உங்க கை பொய் சொல்லல. சீட்டுதான் பொய். அவரைத் தனி ரூம்ல வைங்க, ஜன்னலைத் திறங்க. நாளைக்குக் காலைல டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மூச்சு வாங்கினா காத்திருக்காதீங்க, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"காலைல வேற மாதிரி சொன்னீங்களே."

"ஆமா. தப்பு என்னுதுதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் நீளமாக மூச்சு விட்டாள். "அப்பாடா" என்றாள். "காலைலருந்து எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு நெனச்சேன். எனக்கும் அவருக்கும் என்ன செய்யணும்னு இப்பத்தான் தெரியுது."

கெட்ட செய்தி கேட்டு ஒருத்தி நிம்மதியாகப் போனை வைப்பதை மூத்தவள் இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாகக் கேட்டாள்.

கிடங்கு வாசலில் ஒரு பலகை. 'இன்று காய்ச்சல்: 0'. அந்தப் பூஜ்யத்தை யாரோ சிவப்புப் பெயிண்டில் அழகாக எழுதியிருந்தார்கள். வெளியே வெயில் தார் உருகும்படி அடித்தது. காவலாளியின் மேஜையைக் காணவில்லை. எட்டிப் பார்த்தாள். பட்டை பட்டையாகத் தொங்கும் பிளாஸ்டிக் திரைக்கு உள்பக்கம், குளிர் அறைக்கு முந்தைய நடையில் அவன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டர் போட்டிருந்தான். உள்ளே வருகிறவனும் அங்கே வரிசையில் நின்றுதான் நெற்றியைக் காட்ட வேண்டும். வெளியே போகிறவனும் அப்படியே.

மூன்று மணிக்குத் தம்பி தடித்த ஜாக்கெட்டோடு வெளியே வந்தான். கையில் சீட்டு. அக்காவைப் பார்த்ததும் நின்றான்.

"அப்பாவுக்கு ஏதாவதா?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. வேன்ல ஏறாதே. நடந்து போறோம். நீ பத்தடி பின்னால வா."

"எதுக்கு?"

"எத்தனை நாளாடா?"

அவன் சீட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "சீட்டுல ஒண்ணும் இல்லையேக்கா."

"சீட்டைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

"மூணு நாள். உடம்பு வலி. ராத்திரி குளிருது. குளிர்லயே வேலை செய்யுறோம், குளிராம என்ன செய்யும்னு நெனச்சேன்."

நடந்தார்கள். அவள் முன்னால், அவன் பத்தடி பின்னால். நடுவில் வெயில். பேசுவதற்குச் சத்தம் போட வேண்டியிருந்தது. கடந்துபோன சைக்கிள்காரர் புருஷன் பொண்டாட்டி சண்டை என்று நினைத்து வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்.

"அந்த ஆளு ஏன்டா மேஜையை உள்ள போட்டிருக்கான்? எவன் சொன்னது?"

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. அவள் திரும்பினாள்.

"நான்தான்" என்றான் தம்பி.

"என்ன நீதான்?"

"நான்தான் சொன்னேன். அவர் வெளில வெயில்ல வெந்துக்கிட்டிருந்தார். வெயில்ல அந்தக் கருவி எல்லாருக்கும் நூறு, நூத்தியொண்ணுன்னு காட்டுச்சு. நல்லா இருக்கிறவனை எல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ள வந்து உக்காருங்கண்ணே, சரியாக் காட்டும்னு சொன்னேன். மேஜையை ஒரு பக்கம் நானே பிடிச்சுத் தூக்கினேன்." அவன் ஜாக்கெட்டைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "மறுநாள்லருந்து ஒருத்தனுக்கும் காய்ச்சல் இல்ல. மேனேஜர் எனக்குக் கை குடுத்தார்."

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயில் வந்தது எல்லாம் ஆபீஸ் குரலில் வந்தது. அதை அவனுக்குக் கொடுக்க விருப்பமில்லை.

"ராத்திரி நடுங்கும்போது எடுத்துப் பார்ப்பேன்க்கா, அந்தச் சீட்டை. தொண்ணூத்தாறுன்னு இருக்கும். சரி, ஒண்ணுமில்லைன்னு திரும்பிப் படுத்துப்பேன்."

"அப்பா பக்கமா திரும்பியா?"

அதைக் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டாள். அவன் சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். அவள் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, பக்கத்தில் போகவும் முடியாமல், நகரவும் முடியாமல், செருப்பால் மண்ணைக் கிளறினாள்.

"எந்திரிடா" என்றாள் கடைசியில். "அழறதுக்கு வீட்ல ரூம் இருக்கு. ஒத்தையா தரேன். நல்லா அழு."

*

அப்பா பால்கனியில் நின்றிருந்தார். வேன் வந்து இவன் இல்லாமல் போனதைப் பார்த்திருப்பார். இருவரும் பத்தடி இடைவெளியில் வருவதையும் பார்த்திருப்பார். டிப்போ வாசலில் உட்கார்ந்த ஆளுக்கு வண்டி வரும் விதத்திலேயே பிரேக் சரியில்லை என்று தெரிந்துவிடும்.

மூத்தவள் முதலில் ஏறினாள். "அப்பா, நீங்க பால்கனியிலேயே இருங்க. பதற்றப்பட ஒண்ணுமில்ல. ஒரு சின்ன முன்னெச்சரிக்கைக்காக..."

"நிறுத்து" என்றார் அப்பா. "அது உன் ஆபீஸ் குரல். அந்தக் குரல்ல நீ பேசினா எனக்குப் பயம்தான் கூடுது. வீட்டுக் குரல்ல சொல்லு."

அவள் சொன்னாள். நெற்றி, குளிர், கருவி, சீட்டு, மூன்று நாள் நடுக்கம். மேஜை யார் சொல்லி உள்ளே போனது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் வேறு.

அப்பா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இரண்டு முறை மூச்சை இழுத்து நிறுத்தினார். "சரி" என்றார். "இப்பத்தான் கொஞ்சம் நிம்மதி."

"என்னப்பா நிம்மதி இதுல?"

"ரெண்டு நாளா நீங்க ரெண்டு பேரும் பூனை மாதிரி நடக்குறீங்க. நானும் காலைலருந்து இந்தக் கம்பிக்கும் கதவுக்கும் நடக்கறேன். என்னன்னு தெரிஞ்சா பயம் ஒரு இடத்துல உக்காரும். தெரியலைன்னா வீடு பூராச் சுத்தும்." திரும்பினார். "அவனை உன் ரூமுக்கு அனுப்பு. ஜன்னலைத் திற. நீ ஹாலுக்கு வா. நான் இங்கயே பால்கனி ஓரமா கட்டிலை இழுத்துக்கறேன்."

தம்பி மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நடந்து உள்ளறைக்குப் போனான். மூத்தவள் உள்ளறை வாசலில் நின்று தெர்மாமீட்டரை அவன் பக்கம் தரையில் உருட்டாமல் ஒரு தட்டில் வைத்துத் தள்ளினாள்.

"நாக்குக்கு வேண்டாம். அக்குள்ல வை. அஞ்சு நிமிஷம்."

அப்பா பால்கனியிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஸ்டார்ட்" என்றார்.

கீழே யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். தம்பியின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. கட்டில் கால் தரையில் தட்டியது. அவன் நிறுத்தினான். மறுபடி ஆடியது.

"டைம்" என்றார் அப்பா.

தம்பி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உதட்டைக் கடித்தான். "தொண்ணூத்தொன்பது..."

"டேய்" என்றாள் மூத்தவள்.

"நூத்தியொண்ணு. புள்ளி ஆறு."

அந்த எண் ஹாலைத் தாண்டிப் பால்கனிக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அப்பா உள்ளே வந்தார். உள்ளறைப் பக்கம் பார்க்காமல் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனார். பேனாவை எடுத்தார். இளையவன் பத்தியில் முதல் சீட்டு நாளிலிருந்து ஒவ்வொரு கட்டமாக, எண் மறையாமல், குறுக்கே ஒரே கோடு போட்டார். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் கையெழுத்து. டிப்போவில் தவறான நேரத்தை அழிக்கக் கூடாது, ஒரு கோடுதான். ஒரு தடவை மேலதிகாரி, தாமதமாக வந்த வண்டியைச் சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதச் சொன்னார். அப்பா எழுதவில்லை. இரண்டு வருடம் தூரத்து டிப்போவுக்கு மாற்றினார்கள். போனார். வராத வண்டியை வந்ததாக அவர் கையால் எழுதியதே இல்லை.

பதினெட்டு நாள். முப்பத்தாறு கோடு. அவ்வளவும் போட்டு முடிக்க இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றார்.

"அப்பா" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "உங்ககிட்ட இன்னொண்ணு சொல்லணும். அந்த மேஜை..."

"நாளைக்குச் சொல்லு. இன்னிக்குக் காய்ச்சல் பத்தி மட்டும்தான்." இன்றைய மாலைக் கட்டத்தில் 101.6 என்று எழுதினார். "காலைல எத்தனை மணிக்கு டெஸ்ட்?"

"எட்டு" என்றாள் மூத்தவள்.

"ஏழரைக்கே கிளம்புங்க. வரிசை இருக்கும்."

அவள் தெர்மாமீட்டரைச் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினாள். ஸ்பிரிட்டில் துடைத்தாள். தனக்கு வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. அப்பா அதைத் தன் கண்ணால் படித்துப் பார்த்த பிறகுதான் எழுதினார். மறுபடி கழுவினாள். அப்பாவிடம் நீட்டினாள்.

"காலைல மருந்துக்கடைல பார்த்தாச்சே."

"வாசல்ல பார்த்த கணக்கெல்லாம் முடிஞ்சுதுப்பா. வைங்க."

அப்பா பால்கனிக் கட்டிலில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சட்டைக்குள் கையை விட்டு வைத்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் ஸ்டார்ட் சொல்லவில்லை. மூத்தவள் மனதுக்குள் எண்ணினாள். நூற்றைம்பதைத் தாண்டும்போது போன் அடித்தது. தங்கை வீட்டிலிருந்து அம்மா. எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். மூத்தவள், அப்புறம் பேசறேம்மா என்று வைத்தாள். திரும்பி வந்தபோது அப்பா தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தார். சுவரிலும் கம்பியிலும் படாமல், கவனமாக, நிறைய தடவை.

"எவ்வளவுப்பா?"

"தொண்ணூத்தெட்டு."

"நான் பார்க்கறதுக்குள்ள ஏன் உதறினீங்க?"

"அடுத்தவங்களுக்கு வைக்கணும்ல. பதற்றப்பட ஒண்ணுமில்லம்மா. நீ போய் அவனுக்குத் தண்ணி குடு. நிறையக் குடிக்கச் சொல்லு. நீயும் கொஞ்சம் ஓய்வெடு."

அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் அந்தப் பேச்சு அவள் காதில் ஏறியது. 'பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்பதை மட்டும் விட்டு, பச்சை அட்டையை அப்படியே சொல்லியிருந்தார். ஆபீஸ் குரலில்.

எதிரே தாள். இன்றைய தேதி. மாலை. மூத்தவள், 98.2. இளையவன், 101.6.

அப்பாவின் கட்டம் காலியாக இருந்தது.

"அப்பா, உங்களுது எழுதலையே."

பால்கனியில் கட்டில் கிரீச்சிட்டது.

"அப்புறம் எழுதறேன்" என்றார்.

பேனா தாளுக்குப் பக்கத்தில், எப்போதும் தொங்கும் நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.